குறைந்த பவர், குறைந்த செலவு: ட்ராக்குக்கு எந்தக் கார் வாங்கலாம்?

“ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பழக ஒரு கார் வேண்டும், கையில் இருப்பது கொஞ்சம்தான். மாஸ்டா எம்எக்ஸ்-5 எடுக்கவா, சின்ன ஹேட்ச்பேக் எடுக்கவா, பழைய பிஎம்டபிள்யூ எடுக்கவா?” வாசகர்கள் இப்படிக் கேட்டு எழுதுவது நிற்பதே இல்லை. கேட்பவர்களில் பலர் மாதக்கணக்கில் விற்பனை விளம்பரங்களைப் புரட்டி, ஒவ்வொரு காரைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்தைக் கேட்டு, எந்தப் பக்கமும் நகர முடியாமல் நிற்கிறார்கள். அவர்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் முதலில் குதிரைத்திறன் இருக்கும். அடுத்து 100 கிமீ வேகத்தைத் தொட எத்தனை விநாடி. அதற்கு அடுத்துதான் விலை.

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்பேன். இந்தக் கார் ஒரு வருஷத்தில் எனக்கு எத்தனை சுற்று கொடுக்கும்? ட்ராக்கில் நாம் தேறுவதும் சந்தோஷப்படுவதும் சுற்றுகளால்தான். ஒருவர் வருஷத்துக்கு 6 நாள் ட்ராக்குக்குப் போகிறார், போன நாளெல்லாம் சாயங்காலம் வரை ஓட்டுகிறார், அதே காரில் வீடு திரும்புகிறார். இன்னொருவர் வருஷத்துக்கு ஒரே நாள் போய், மத்தியானமே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். முதல் ஆளின் காரில் 120 குதிரை, இரண்டாமவர் காரில் 300 என்றாலும், நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்பவர் முதல் ஆள்தான். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

## பவர் குறைந்தால் என்ன கிடைக்கும்

ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்று நேர்பாதையின் முடிவில் மணிக்கு 160 கிமீ வேகத்தில் வந்து, வளைவுக்காக 80-க்கு இறங்குகிறது. பிரேக்குகள் வெப்பமாக்கி வெளியே தள்ள வேண்டிய ஆற்றல் சுமார் 740 கிலோஜூல். அதே இடத்துக்கு 1,500 கிலோ கார் 200-இல் வந்து 80-க்கு இறங்கினால் சுமார் 1,940 கிலோஜூல். எடை ஒன்றரை மடங்கு, வேகம் கால் பங்கு கூடுதல், வெப்பமோ இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரு சுற்றில் இப்படி ஐந்தாறு தடவை பிரேக் பிடிக்கிறோம், ஒரு செஷனில், அதாவது ஒரு தடவை ட்ராக்கில் இறங்கினால், எட்டுப் பத்துச் சுற்று ஓட்டுகிறோம். பிரேக் பேட், டிஸ்க், டயர், வீல் பேரிங் என்று நாம் வாங்கிக்கொண்டே இருக்கும் சாமான்களின் செலவு இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

அடுத்தது, கற்றுக்கொள்வது. பவர் குறைந்த காரில் வளைவுக்குள் வேகத்தைத் தொலைத்துவிட்டால் அடுத்த நேர்பாதை முழுவதும் அந்தத் தவறு கூடவே வரும். பவர் உள்ள காரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அதை மறைத்துவிடலாம், மறைப்பது நமக்கே தெரியாது. சின்னக் காரில் மறைக்க இடமில்லை. லைனை, அதாவது வளைவில் கார் போகும் பாதையை, திருத்தியே ஆக வேண்டும், பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே திருப்பக் கற்றே ஆக வேண்டும். கார் வழுக்கும்போதும் குறைந்த வேகத்தில் வழுக்குகிறது. சரிசெய்ய நேரமும் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நீண்ட நேர்பாதைகள் உள்ள பெரிய ட்ராக்கில் 110 குதிரையோடு போனால் எல்லோரும் நம்மைக் கடந்து போவார்கள். பாதி நேரம் பார்வை பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியிலேயே இருக்கும். நீங்கள் போகப் போகும் ட்ராக் அப்படிப்பட்டதாக இருந்தால், கீழே வரும் கார்களில் பவர் கூடிய பக்கத்தைப் பாருங்கள். வளைவுகள் நெருக்கமாக வரும் சின்ன ட்ராக் என்றால் எவ்வளவு லேசான கார் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

எடை. மேலே சொன்ன கணக்குப்படி மற்ற எல்லாச் செலவையும் முடிவு செய்வது இதுதான். ஒரு டன்னுக்கு அருகில் இருக்கும் காரைத் தேடுங்கள்.

சூட்டைத் தாங்குவது. சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் வராத சூடு ட்ராக்கில் 20 நிமிஷத்தில் வந்துவிடும். பிரேக், கூலன்ட், என்ஜின் ஆயில் மூன்றும் தாங்க வேண்டும். டர்போ என்ஜின்கள் இந்த இடத்தில்தான் சிரமப்படும். இயல்பாகக் காற்றிழுக்கும், டர்போ இல்லாத என்ஜின் இந்த வேலைக்கு எளிது.

டயர் அளவு. பலர் கவனிக்காத விஷயம். 15 அங்குல ரிம்முக்கான டயரும் 18 அங்குல ரிம்முக்கான டயரும் விலையில் வெகுதூரம் தள்ளி நிற்கும். 195/50 ஆர்15 போன்ற அளவு, சின்ன ட்ராக் கார்கள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதால் அதில் தேர்வும் அதிகம், விலையும் கையைக் கடிக்காது.

தெரிந்த நோய்கள். எல்லாக் காரிலும் ஏதாவது ஒன்று உடையும். எது உடையும் என்று ஊரறிந்திருந்தால், அதற்கான சாமானும் மருந்தும் கிடைக்கும். ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே ட்ராக்கில் ஓட்டிப் பார்த்த மாடலின் பெரிய மதிப்பே இதுதான். அபூர்வமான காரை வாங்கினால், அது எங்கே உடையும் என்று கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழும்.

நமக்குப் பொருந்துவது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார முடிகிறதா? ஆறடி உயரக்காரர், மேற்புறம் திறக்கும் இரண்டு சீட் காரான சின்ன ரோட்ஸ்டரில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

போய்வருவது. காரை ட்ரெய்லரில் ஏற்றிப் போகப் போகிறீர்களா, அதையே ஓட்டிப் போய் அதிலேயே திரும்பப் போகிறீர்களா? ஓட்டிப் போவதென்றால் ஒரு ஜோடி டயர், ஜாக்கி, டார்க் ரென்ச், ஆயில் கேன் எல்லாம் உள்ளே அடங்க வேண்டும். குளிர்சாதனமும் கொஞ்சம் சொகுசும் அப்போது அருமையாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கார் ஒருநாள் சுவரில் மோதி உருக்குலைந்தால், இழப்பைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா? முடியாது என்றால் அது உங்களுக்கு விலை கூடிய கார்.

## லேசான ரோட்ஸ்டர்: மாஸ்டா எம்எக்ஸ்-5

1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார். முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் என்ஜின் தருவது ஏறத்தாழ 115 குதிரைதான், பிறகு 1.8 வந்தபோதும் 130-ஐ ஒட்டியே நின்றது. எடை ஒரு டன்னுக்குள். என்ஜின் முன்னால், இழுவை பின்னால், எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. இந்தப் பட்டியலில் ட்ராக்குக்காகவே பிறந்தது போலத் தோன்றும் கார் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

அதற்கு முக்கியமான காரணம் சஸ்பென்ஷன். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் தாங்கும் அமைப்பு. முதல் இரண்டு தலைமுறையிலும் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளே சாய்ந்து நிற்கும் கோணத்தை, நான்கு மூலையிலும் போல்ட்டைத் திருகியே மாற்றிக்கொள்ளலாம், எதையும் வாங்க வேண்டியதில்லை. ட்ராக்கில் இதன் அருமை டயரில் தெரியும். கேம்பர் போதாத காரில் முன் டயரின் வெளி விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்து, நடுவில் பாதி ரப்பர் மிச்சம் இருக்கும்போதே டயரைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். எம்எக்ஸ்-5 டயரை முழுதாகத் தின்று தீர்க்கும், அதுவும் நிதானமாக. அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கப்படும் இந்தக் காருக்கென்றே அங்கே ஸ்பெக் மியாட்டா என்ற பந்தய வகுப்பு இருப்பதால், உடைவது எது, அதற்கு என்ன செய்வது என்பதெல்லாம் விரல் நுனியில் கிடைக்கும்.

சரி, மறைந்திருக்கும் செலவு? முதலாவது ரோல் பார், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு. மேல்கூரை இல்லாத காரை ரோல் பார் இல்லாமல் பல ட்ராக் அமைப்பாளர்கள் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் நீங்கள் போகாதீர்கள். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்புக்கு ஒரு நேர்க்கோல் வைத்தால், உங்கள் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் இந்தச் சோதனையில் தேறாமல், சீட்டை மாற்றி, நுரையை வெட்டி, அதற்கும் பணம் செலவழிப்பார்கள். ரோல் பார், சீட், பெல்ட் எல்லாம் சேர்ந்தால் காரின் விலையில் கணிசமான பங்கு வந்து நிற்கும்.

இரண்டாவது துரு. கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்ற பகுதியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் அது தொடங்கும். துணிக் கூரையின் நீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. 1991 வரை வந்த 1.6 என்ஜின்களில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் முன்மூக்கு குட்டையானது. அதில் புல்லி ஆடத் தொடங்கினால் என்ஜினைப் பிரிப்பது வரை போகும். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூடி பழுப்பு நிறமாகியிருந்தால் முதல் ட்ராக் நாளுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

இதை வாங்க வேண்டியவர்: வளைவுகள் நிறைந்த ட்ராக் அருகில் இருப்பவர், நடுத்தர உயரக்காரர், பின்சக்கர இழுவையில் நிதானமாகக் கற்றுக்கொள்ள விரும்புபவர்.

## முன்சக்கர ஹேட்ச்பேக்

சாதாரணக் குடும்பக் காரின் விறுவிறுப்பான பதிப்பு. நல்ல உதாரணங்கள் பல உண்டு. 2005-இல் வந்த சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 1.6 லிட்டர், சுமார் 125 குதிரை, ஒரு டன்னுக்குச் சற்று மேல். பியூஜோ 106 ஜிடிஐயும் அதன் சகோதரனான சிட்ரோயன் சாக்ஸோ விடிஎஸ்ஸும்: 1.6 லிட்டர், சுமார் 120 குதிரை, ஒரு டன்னுக்கும் கீழே. ரெனோ கிளியோ 182: பெயரிலேயே குதிரைத்திறன் இருக்கிறது. 2000 வரை வந்த ஹோண்டா சிவிக்: முன்னும் பின்னும் டபுள் விஷ்போன், அந்த வகுப்பில் அதுவே ஒரு அதிசயம்.

முன்சக்கர இழுவை என்றாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது நியாயமில்லை. நன்றாக அமைத்த சின்ன ஹேட்ச் ட்ராக்கில் துள்ளும். வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தால் பின்பக்கம் லேசாக வெளியே நகர்ந்து மூக்கை உள்ளே திருப்பிவிடும். இதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் அதில் ஒரு தனி ருசி இருக்கிறது. மழை நாளில் இவை பெரிய கார்களைத் திணறடிக்கும். மேலே கூரை இருக்கிறது, பின் சீட்டை மடக்கினால் நாலு டயர் ஏறும், சாயங்காலம் சாதாரணக் காராக வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். வாங்கும் விலையும் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே குறைவு.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முன் அச்சில். திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பகுதி எல்லாமே முன் டயர்களின் வேலை. முன்னால் இரண்டு ஜோடி தேயும்போது பின்னால் இருப்பவை புதுசு போலவே இருக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினால் செலவு கொஞ்சம் அடங்கும். ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் (மேல் கை இல்லாமல் ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் வகை) உள்ள ஹேட்ச்களில் கேம்பரை மாற்றக் கம்பெனி அமைப்பில் வழி குறைவு. கேம்பர் போல்ட்டோ மேல்தட்டோ வாங்கிப் போடுங்கள். அந்தச் செலவை டயரில் திரும்ப எடுத்துவிடலாம். முன் வீல் பேரிங், சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு), என்ஜின் மவுண்ட் மூன்றும் சீக்கிரம் களைத்துப்போகும்.

மாடலுக்கு மாடல் சில தனிக் கணக்குகள் உண்டு. 106, சாக்ஸோ இரண்டிலும் பின் அச்சின் பேரிங் தேய்ந்து சக்கரம் உள்பக்கம் சாய ஆரம்பிக்கும். பின்னால் நின்று பார்த்தாலே தெரியும். கிளியோவின் டைமிங் பெல்ட்டை மாற்றப் பிரத்தியேகக் கருவிகள் தேவை, கூலி அதிகம். மாற்றியதற்கு ரசீது இல்லாத காரின் விலையில் அந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள். சிவிக்கில் நல்லது கிடைப்பதுதான் சிரமம், பலரும் பலவிதமாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். 2013-இல் வந்த ஃபோர்டு ஃபியெஸ்டா எஸ்டி போன்ற டர்போ ஹேட்ச்கள் 180 குதிரைக்கு மேல் தந்து சாலையில் அசத்தும். ஆனால் வளைவில் உள் சக்கரத்தை பிரேக் பிடித்துத் திருப்பும் ஏற்பாடு அதில் இருப்பதால், நீங்கள் பெடலைத் தொடாத நேரத்திலும் முன் பிரேக்குக்குச் சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

இதை வாங்க வேண்டியவர்: ஒரே காரை வேலைக்கும் ட்ராக்குக்கும் ஓட்டப் போகிறவர், பணம் மிகக் குறைவாக உள்ளவர், இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்றே இன்னும் தெரியாதவர்.

## பழைய பின்சக்கர செடான், கூபே

இங்கே பேச்சு பெரும்பாலும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் போய் நிற்கும். அதன் இரண்டு தலைமுறைகளுக்குக் கம்பெனி வைத்த குறியீடு: 1990-இல் தொடங்கியது இ36, 1998-இல் தொடங்கியது இ46. நாலு சிலிண்டரில் இ36 318ஐஎஸ் சுமார் 140 குதிரை, ஆறு சிலிண்டரில் 328ஐ 190-ஐத் தாண்டும். கூரை உண்டு, உயரமானவருக்கும் இடம் உண்டு, பயிற்சியாளர் பக்கத்தில் வசதியாக உட்காரலாம், டிக்கியில் கருவிகள் எல்லாம் அடங்கும். ஓட்டவும் அருமையான கார்கள். வழுக்கினால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வழுக்கும்.

ஆனால் இவற்றின் என்ஜினைக் குளிரூட்டும் அமைப்பில் பிளாஸ்டிக் அதிகம். விரிவுத் தொட்டி, குழாய் இணைப்புகள், சிலவற்றில் தண்ணீர் பம்ப்பின் உள் இறக்கைகூட பிளாஸ்டிக். வயசானதும் உடையும், உடைந்தால் கூலன்ட் ஒரே சுற்றில் வெளியேறும், அந்தச் சூட்டை சிலிண்டர் ஹெட் தாங்காது. ட்ராக்குக்கு எடுக்கிறீர்கள் என்றால் இதில் உடைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது, மொத்த அமைப்பையும் முதலிலேயே மாற்றிவிட வேண்டும். இ46-இல் பின் சப்ஃபிரேமை (பின் சஸ்பென்ஷன் பொருந்தும் சட்டம்) தாங்கும் தரைத் தகடு விரிசல் விடும். வெல்டிங் செய்து வலுவூட்டத் தகடு ஒட்டுவது பெரிய வேலை. இதோடு 1,300, 1,400 கிலோ எடை, 16, 17 அங்குல டயர். வாங்கும் விலை சின்ன ரோட்ஸ்டருக்குச் சமமாகவே இருந்தாலும் இரண்டாவது வருஷ முடிவில் செலவுக் கணக்கு எங்கேயோ போயிருக்கும். “விலை இறங்கிய உயர்ந்த கார்” எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விலைதான் இறங்கியிருக்கும், உதிரிப் பாகத்தின் விலை இறங்காது.

இதை வாங்க வேண்டியவர்: சொந்தக் கையால் வேலை செய்யத் தெரிந்தவர், ரோட்ஸ்டரில் அடங்காத உயரம் உள்ளவர், நேர்பாதை நீண்ட ட்ராக்கில் ஓட்டப் போகிறவர்.

## நடு என்ஜின்: டொயோட்டா எம்ஆர்2

1999-இலிருந்து 2007 வரை வந்த மூன்றாம் தலைமுறையைப் பற்றித்தான் பேச்சு. என்ஜின் சீட்டுக்குப் பின்னால், 1.8 லிட்டர், சுமார் 140 குதிரை, ஒரு டன்னை ஒட்டிய எடை. திருப்பத்தில் இதன் சுறுசுறுப்புக்கு இந்தப் பட்டியலில் ஈடு இல்லை. அதே சுறுசுறுப்புதான் ஆபத்தும். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னால் வந்துவிடும். முதல் ட்ராக் காராக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆரம்பகால என்ஜின்களில் ஆயில் குடிக்கும் பழக்கமும், என்ஜினை ஒட்டியுள்ள முன் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) நொறுங்கித் துகள்கள் என்ஜினுக்குள் போகும் சிக்கலும் உண்டு. டிக்கி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மாற்று டயர் கொண்டுபோக இன்னொரு வண்டி வேண்டும். ஏற்கெனவே இரண்டு, மூன்று வருஷம் ஓட்டிப் பழகியவருக்கு மட்டும்.

## கொஞ்சம் புதுசு: டொயோட்டா ஜிடி86, சுபாரு பிஆர்இசட்

2012-இல் வந்த இரட்டையர். சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும் 2 லிட்டர் பாக்ஸர் என்ஜின், 200 குதிரை, 1,200 கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை, ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பல பதிப்புகளில் கம்பெனியிலிருந்தே வரும். பின் சீட்டை மடக்கினால் நாலு டயர் அடங்கும்படியே வடிவமைத்தார்கள். பிடிப்பு அதிகமில்லாத, சிக்கன வகை டயரை வேண்டுமென்றே போட்டு விற்றார்கள். அந்த டயரிலேயே முதல் வருஷம் ஓட்டினால், குறைந்த வேகத்திலேயே கார் வழுக்குவதை உணர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

வாங்கும் விலைதான் தடை. கூடவே, தொடர்ந்து ஓட்டினால் ஆயில் சூடு ஏறும் என்பதால் ஆயில் கூலர் போட வேண்டியிருக்கும். படுத்திருக்கும் என்ஜினில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதே கை வலிக்கும் வேலை. தொடக்க வருஷக் கார்களில் வால்வு ஸ்பிரிங் மாற்றும் ரீகால் இருந்தது. அது முடிந்ததா, யார் செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய காரோடு மல்லுக்கட்ட நேரம் இல்லை, ஆனால் கொஞ்சம் கூடுதல் பணம் இருக்கிறது என்பவருக்கு இது நல்ல தேர்வு. மோதினால் வலி அதிகம், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | எம்எக்ஸ்-5 | முன்சக்கர ஹேட்ச் | பழைய 3 சீரிஸ் | எம்ஆர்2 | ஜிடி86 |
|---|---|---|---|---|---|
| எடை | ஒரு டன்னை ஒட்டி | ஒரு டன்னை ஒட்டி | 1,300 கிலோ, அதற்கு மேல் | ஒரு டன்னை ஒட்டி | 1,200 கிலோவுக்கு மேல் |
| வாங்கும் விலை | நடுத்தரம், ஏறுகிறது | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| அதிகம் தேய்வது | எல்லாம் நிதானமாக | முன் டயர், முன் பேட் | டயர், பிரேக் இரண்டும் | பின் டயர் | டயர், பிரேக் |
| முதல் வேலை | ரோல் பார், துரு பார்ப்பது | பிரேக், முன் கேம்பர் | குளிரூட்டும் அமைப்பு முழுவதும் | என்ஜின் நிலை, ரோல் பார் | ஆயில் கூலர், பிரேக் |
| உயரமானவருக்கு | சிரமம் | எளிது | எளிது | சிரமம் | ஹெல்மெட்டோடு பார்க்க வேண்டும் |
| கூடுதல் டயர் ஏற்ற | முடியாது | முடியும் | ஓரளவு | முடியாது | முடியும் |
| தவறை மன்னிப்பது | நன்றாக | மிக நன்றாக | நன்றாக | மன்னிக்காது | நன்றாக |

## எல்லாக் காருக்கும் பொதுவான செலவு

என் முதல் ட்ராக் நாளில் மூன்றாவது செஷனில் பிரேக் பெடல் தரைவரை போனது. நல்லவேளை, வெளியே ஓட இடம் இருந்த வளைவு. காரில் குறை ஒன்றும் இல்லை. பிரேக் ஆயிலை மாற்றாமல் போனது நான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்தத் தரத்தின்படி உத்தரவாதம் 155 டிகிரிதான். ட்ராக்கில் காலிப்பர் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். ஆயில் கொதித்தால் குழாயில் குமிழி, குமிழி இருந்தால் பெடலில் பிடிப்பு இல்லை. அதனால் எந்தக் கார் வாங்கினாலும் முதல் செலவு இதுதான்: புது பிரேக் ஆயில், சூடு தாங்கும் பேட், நல்ல பிரேக் ஹோஸ். பவரைக் கூட்டும் எந்தச் சாமானையும் அதற்கு முன்னால் வாங்காதீர்கள். உண்மையில் முதல் வருஷம் முழுக்கவே வாங்காதீர்கள்.

அப்புறம் காப்பீடு. சாதாரண வாகனக் காப்பீடு ட்ராக்கில் நேரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது, பாலிசியின் விலக்குப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். ட்ராக்கின் தடுப்புச் சுவரையோ வேலியையோ உடைத்தால் அதற்கும் சில இடங்களில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். பதிவுப் படிவத்தில் அது எழுதியிருக்கும். பல ட்ராக்குகளில் ஒலி வரம்பு உண்டு. முந்தைய உரிமையாளர் மாட்டிய சத்தமான சைலன்சரோடு போய், நுழைவாயிலிலேயே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் காருக்குப் போடாதீர்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. மிச்சப் பாதி பிரேக்குக்கும், டயருக்கும், ஹெல்மெட்டுக்கும், நுழைவுக் கட்டணத்துக்கும், ஒரு நாளாவது பயிற்சியாளரோடு ஓட்டுவதற்கும். கடைசியாகச் சொன்ன அந்த ஒரு நாள், எந்த உதிரிப் பாகத்தையும்விட அதிக வேகம் தரும்.

## இப்போது வைத்திருக்கும் காரையே ஓட்டினால்?

கேட்க வேண்டிய கேள்வி. முதல் ஒன்றிரண்டு நாளுக்கு அதுதான் சரி, பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு மெதுவாகப் போங்கள். எந்த வகை ட்ராக், எந்த வகைக் கார் நமக்குப் பிடிக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். மற்றவர்களின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் அந்தக் கார் இல்லாமல் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது என்றால், மனசில் அந்தப் பயத்தோடு ஒரு வருஷம் ஓட்ட முடியாது. வருஷத்துக்கு இரண்டு நாள்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் எந்தக் காரையும் வாங்காமல், ட்ராக்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும் காரை எடுப்பது லாபம். சேதமானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

## காரைப் பார்க்கப் போகும்போது

மாடலை முடிவு செய்தபின் பலர் அவசரப்பட்டு முதலில் கண்ணில் படும் காரை வாங்கிவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண ஹேட்ச், மோசமான நிலையில் உள்ள எம்எக்ஸ்-5-ஐவிட உங்களுக்கு இரண்டு மடங்கு சுற்று கொடுக்கும். ஒரிஜினலாக இருக்கும் காரைத் தேடுங்கள். பளபளக்கும் ரிம்மும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் இருந்து, பராமரிப்பு ரசீது ஒன்றுகூட இல்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

என்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஸ்டார்ட் செய்த நொடியில் நீலப் புகை வருகிறதா, கூலன்ட் மூடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்காமல் பேசி முடிக்காதீர்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், சில், சஸ்பென்ஷன் கை பொருத்திய இடங்கள் எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால், கெட்டியான இரும்புக்கும் பெயின்ட்டுக்கு அடியில் உதிர்ந்த இரும்புக்கும் ஓசையிலேயே வித்தியாசம் தெரியும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாக மாற்றிப் பாருங்கள், கடகடத்தால் கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை கடினமாக பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் அதிர்கிறதா என்று கவனியுங்கள். பிறகு காரை நிறுத்தி, நீங்கள் கொண்டுபோன ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கதவை மூடி ஐந்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா, தலை கூரையில் உரசுகிறதா என்று அங்கேயே தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு விலையைப் பேச ஆரம்பியுங்கள்.